அவுட்லுக் மடல்களை அக்சஸ் தரவுத்தளத்தில் சேர்க்கும்போது தேதி மாறிவிடுகிறது – அதுவும் சில பதிவுகளில் மட்டும்

அஞ்சல்கட்டு

வணக்கம். எங்கள் அலுவலகத்துக்கு வரும் புகார்கள் எல்லாம் ஒரு பொது அஞ்சல் பெட்டியில் வந்து விழுகின்றன. அந்தக் கோப்புறையை அக்சஸில் இணைப்பு அட்டவணையாக, அதாவது மடல்கள் அவுட்லுக்கிலேயே இருக்க அக்சஸிலிருந்து பார்க்கும் அட்டவணையாக, சேர்த்திருக்கிறோம். அதிலிருந்து புதிய மடல்களை மட்டும் பொறுக்கி எடுத்து, 'புகார்கள்' என்ற எங்கள் சொந்த அட்டவணையில் போடுவதற்கு விபிஏவில் (அக்சஸுக்குள்ளேயே எழுதும் நிரல்மொழி) எழுதிய ஒரு நிரல் இருக்கிறது. மடல் வந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் பதில் போயாக வேண்டும் என்பது விதி. கெடு தாண்டியவற்றின் பட்டியல் தினமும் காலையில் மேலாளரின் மேசைக்குப் போகிறது.

அந்தப் பட்டியல்தான் இப்போது நம்ப முடியாததாகிவிட்டது. நேற்று கெடு தாண்டிய ஒரு புகார் பட்டியலில் வரவே இல்லை. தேடிப் பார்த்தால், அது இன்னும் வராத ஒரு தேதியில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. சில மாதிரிகள் கீழே. இடப்பக்கம் அவுட்லுக்கில் தெரிவது, வலப்பக்கம் எங்கள் அட்டவணையில் இருப்பது. எல்லாம் நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில்:

05/03/2024 10:20 → 03/05/2024 10:20
12/03/2024 16:05 → 03/12/2024 16:05
13/03/2024 09:15 → 13/03/2024 09:15
03/03/2024 11:48 → 03/03/2024 11:48
27/03/2024 18:30 → 27/03/2024 18:30

நேரம் எல்லாவற்றிலும் சரியாகவே இருக்கிறது. தேதி மட்டும் சிலவற்றில் சரி, சிலவற்றில் தவறு. எல்லாமே தவறென்றால் நிரலில் பிழை என்று புரிந்துகொள்வேன். பாதி சரியாக இருப்பதுதான் குழப்புகிறது. இணைப்பு அட்டவணையே பழுதாகியிருக்குமா? கோப்புறையை நீக்கிவிட்டுத் திரும்ப இணைத்துப் பார்த்தும் மாற்றமில்லை.

நிரல்வழி

வணக்கம் நண்பரே. மாதிரிகளை வரிசையாகத் தந்தது பெரிய உதவி. பாதி சரியாக இருப்பது குழப்பம் அல்ல. இந்தச் சிக்கலின் கைரேகையே அதுதான். உங்கள் பட்டியலில் நாள் 12க்கு மேல் போன இரண்டும் சரியாக இருக்கின்றன. 12 அல்லது அதற்குக் கீழே உள்ளவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 03/03 மாறியிருந்தாலும் தெரியாது, இரண்டும் ஒரே எண் என்பதால்.

ஆனால் காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். தேதி தவறாகத் தெரிகிறதா, அல்லது தவறாகவே பதிவாகியிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள். அக்சஸ் தேதியை எழுத்தாக வைப்பதில்லை, ஒரு எண்ணாக வைக்கிறது. 1899 டிசம்பர் 30 என்பது சுழியம். அதிலிருந்து எத்தனை நாள் கடந்தது என்பது முழு எண், அந்த நாளில் எவ்வளவு நேரம் கடந்தது என்பது பின்னம். ஒரு வினவலில் அந்தத் தேதிப் புலத்தை, அதை எண்ணாகக் காட்டும் 'சிடிபிஎல்' சார்பின் உள்ளே போட்டுப் பாருங்கள். முதல் மாதிரியை இணைப்பு அட்டவணையிலும் உங்கள் அட்டவணையிலும் தனித்தனியே பார்த்து, இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

அஞ்சல்கட்டு

பார்த்தேன். இணைப்பு அட்டவணையில் 45356.4306. எங்கள் அட்டவணையில் 45415.4306.

நிரல்வழி

அப்படியானால் வழக்கு பாதி தீர்ந்தது. 45356 என்பது 2024 மார்ச் 5. 45415 என்பது 2024 மே 3. இணைப்பு அட்டவணை நிரபராதி. அது சரியான எண்ணைத்தான் தருகிறது. அங்கிருந்து உங்கள் அட்டவணைக்கு வரும் வழியில்தான் மாறுகிறது. சேர்க்கும் வரி நிரலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? தேதியை # குறிகளுக்கு நடுவில் வைத்து எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்கான கட்டளை மொழி) சரத்தோடு ஒட்டுகிறீர்களா?

அஞ்சல்கட்டு

ஆமாம். எஸ்க்யூஎல் கட்டளையை ஒரு சரமாகக் கட்டுகிறோம். அதில் # போட்டு, தேதி மாறியை & குறியால் ஒட்டி, மறுபடியும் # போட்டு முடிக்கிறோம். எனக்கு முன்பு இந்தப் பொறுப்பில் இருந்தவர் எழுதியது.

நிரல்வழி

அந்த ஒரு வரியில் இரண்டு மொழிபெயர்ப்புகள் நடக்கின்றன, இரண்டும் வெவ்வேறு அகராதியை வைத்துக்கொண்டு.

முதலாவது, & குறியால் ஒட்டும்போது. எண்ணாக இருந்த தேதி அங்கே எழுத்தாகிறது. எந்த வடிவில் எழுத வேண்டும் என்பதை விபிஏ விண்டோஸின் வட்டார அமைப்பிடம் கேட்கிறது. உங்கள் கணினியில் நாள்/மாதம்/ஆண்டு என்று இருப்பதால் 05/03/2024 என்று எழுதுகிறது.

இரண்டாவது, அக்சஸின் தரவுப் பொறி அந்தக் கட்டளையைப் படிக்கும்போது. # குறிகளுக்குள் இருக்கும் தேதியை அது வட்டார அமைப்பைக் கேட்காமல் மாதம்/நாள்/ஆண்டு என்றே படிக்கும். ஆகவே 05/03/2024 மே 3 ஆகிறது. 13/03/2024 வந்தால் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் அது பிழை என்று சொல்லி நின்றிருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பீர்கள். நிற்காமல், எண்களை இடம் மாற்றிப் படித்து மார்ச் 13 என்று வைத்துக்கொள்கிறது. இந்தத் தாராள மனம்தான் ஆபத்து. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் சந்தேகத்துக்கு உரியவை. அவற்றில் நாளும் மாதமும் ஒன்றாக உள்ள ஒரு நாள் தற்செயலாகத் தப்பிக்கிறது. ஆக ஆண்டுக்கு 132 நாட்களின் மடல்கள் தவறான தேதியில் உட்கார்ந்திருக்கும்.

மாற்றுவழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது அளவுரு வினவல்: கட்டளையில் தேதிக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, மதிப்பைத் தேதியாகவே கொடுப்பது. நடுவில் எழுத்தாக மாறுவதே இல்லை என்றால் தவறாகப் படிக்க என்ன இருக்கிறது? ரெக்கார்ட்செட்டை, அதாவது அட்டவணைப் பதிவுகளின் தொகுப்பை, நிரலில் திறந்து புதிய பதிவு சேர்த்து, புலத்தில் நேரடியாக மதிப்பை வைப்பதும் அதே அளவுக்குப் பாதுகாப்பானது. சரமாகத்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், 'ஃபார்மட்' சார்பை வைத்து 2024-03-05 10:20:00 என்ற வடிவில், ஆண்டு முதலில் வரும்படி எழுதுங்கள். ஆண்டு முன்னால் இருந்தால் பொறி ஆண்டு-மாதம்-நாள் என்றே படிக்கும்.

கார்முகில்

இவ்வளவு தூரம் போக வேண்டுமா? விண்டோஸ் வட்டார அமைப்பை அமெரிக்க முறைக்கு மாற்றிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் மாதம்/நாள் ஆகிவிடும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

நிரல்வழி

நண்பர் சொல்வது அந்த ஒரு கணினியில் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நிரலின் சரி தவறு, யாரோ ஒருவர் அமைப்புப் பக்கத்தில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைச் சார்ந்து நிற்கக் கூடாது. புதிய கணினி வரும், புதிய பயனர் கணக்கு வரும்; யாரும் எதையும் கேட்காமல் பழைய பிழை திரும்ப ஆரம்பிக்கும். அதோடு, அந்தக் கணினியில் வேலை செய்பவர் மற்ற எல்லாக் கோப்புகளிலும் 05/03 என்பதை மே என்று படிக்கப் பழக வேண்டும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தென்கரை

இதோடு தொடர்புள்ள இன்னொன்று, எதிர்காலத்தில் இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காக. 'ஃபார்மட்' சார்பில் சாய்வுக்கோடு போட்டால் அது சாய்வுக்கோடாகவே வரும் என்று நம்பாதீர்கள். வட்டார அமைப்பில் பிரிப்பான் புள்ளி என்றால் புள்ளி வரும், இடைக்கோடு என்றால் இடைக்கோடு வரும். சாய்வுக்கோடுதான் வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட வேண்டும்.

# குறிகளையே மறந்துவிடுபவர்களும் உண்டு. அப்போது கிடைப்பது இன்னும் விசித்திரமானது. 5/3/2024 என்பதைப் பொறி தேதியாகப் பார்க்காமல் வகுத்தல் கணக்காகப் பார்க்கிறது. ஐந்தை மூன்றால் வகுத்து, அதை 2024ஆல் வகுத்தால் 0.00082 சொச்சம். முழு எண் சுழியம் என்பதால் அது 1899 டிசம்பர் 30, நள்ளிரவு தாண்டி 1 நிமிடம் 11 விநாடி. பொதுத் தேதி வடிவத்தில் அக்சஸ் அந்தச் சுழிய நாளைக் காட்டுவதில்லை. திரையில் 12:01:11 என்று நேரம் மட்டும் தெரியும். பிரிப்பான் இடைக்கோடாக இருந்தால் 5-3-2024 கழித்தல் கணக்காகி −2022 ஆகிறது. அது 1894 ஜூன் 17. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்னஞ்சல் வந்ததாக உங்கள் அட்டவணை சொன்னால், முதலில் # குறியைத் தேடுங்கள்.

அஞ்சல்கட்டு

அளவுரு வினவலாக மாற்றிவிட்டேன். இன்று வந்த மடல்கள் எல்லாம் சரியான தேதியில் விழுந்திருக்கின்றன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் பழைய பதிவுகளை என்ன செய்வது? ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நாள் 12க்குள் இருப்பவை அனைத்திலும் நாளையும் மாதத்தையும் திரும்ப இடம் மாற்றும் ஒரு புதுப்பிப்பு வினவலை ஓட்டலாமா?

நிரல்வழி

கணக்குப்படி ஓட்டலாம். மாறிய தேதியின் நாள் என்பது உண்மையில் மாதம் என்பதால் அது எப்போதும் 12க்குள்தான் இருக்கும். மாறாத தேதிகளின் நாள் எப்போதும் 12க்கு மேல். எனவே இரண்டு கூட்டமும் கலக்காமல் பிரிந்து நிற்கின்றன. ஆனால் இது உண்மையாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு: எல்லாப் பதிவுகளும் அந்த ஒரே நிரல் வழியாக மட்டும் வந்திருக்க வேண்டும். படிவத்தில் கையால் சேர்த்தவை இருக்கின்றனவா? யாராவது கண்ணில் பட்டதைத் திருத்தியிருக்கிறார்களா?

அஞ்சல்கட்டு

இரண்டும் உண்டு. தொலைபேசியில் வரும் புகார்களைப் படிவத்தில் சேர்ப்போம். எதிர்காலத் தேதி கண்ணில் பட்டபோதெல்லாம் சக ஊழியர் ஒருவர் கையால் மாற்றியிருக்கிறார். எவற்றை என்று குறித்து வைக்கவில்லை.

நிரல்வழி

அப்படியென்றால் அந்தப் புதுப்பிப்பு வினவலைத் தொடாதீர்கள். சரியாக இருப்பவற்றையும் அது கெடுத்துவிடும். பிறகு எது எந்த நிலையில் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மூலம் இன்னும் உங்களிடம் இருக்கிறது, மடல்கள் அழியவில்லை. அவற்றோடு ஒப்பிட்டே திருத்துங்கள். மடலின் தனி அடையாள எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறீர்களா?

அஞ்சல்கட்டு

இல்லை. அனுப்பியவர், பொருள், தேதி, உள்ளடக்கம் மட்டும்தான்.

தென்கரை

அதுவே போதும் என்று நினைக்கிறேன். உங்கள் முதல் பதிவில் ஒரு வரி இருந்தது: நேரம் எல்லாவற்றிலும் சரி என்று. நாளும் மாதமும் மாறினாலும் மணி, நிமிடம், விநாடி மாறவில்லை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'புகார்கள்' அட்டவணையை நகலெடுத்து ஓரமாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும், அனுப்பியவரும் பொருளும் ஒன்றாக இருந்து, நேரமும் விநாடி வரை ஒத்துப்போகிற மடலை இணைப்பு அட்டவணையில் தேடுங்கள். அதன் தேதி, பதிவில் இருப்பதாகவோ அல்லது அதை இடம் மாற்றிய தேதியாகவோ இருந்தால் அதுதான் சரியான இணை. உண்மையான தேதியை ஒரு புதிய புலத்தில் எழுதுங்கள். பழைய புலத்தின் மேல் எழுத வேண்டாம். ஒரு பதிவுக்கு இரண்டு மடல்கள் பொருந்தினாலோ, ஒன்றுமே பொருந்தாவிட்டாலோ அதைத் தனிப் பட்டியலாக எடுத்து மனிதக் கண்ணால் பாருங்கள். தொலைபேசிப் புகார்கள் தாமாகவே இந்தப் பட்டியலில் வந்து சேரும்.

ஒப்பிடும்போது இரண்டு தேதிகளைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். பின்ன எண்கள் என்பதால், திரையில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நேரங்கள் பன்னிரண்டாம் தசம இடத்தில் வேறுபட்டுச் சமமில்லை என்று ஆகிவிடலாம். 'டேட்டிஃப்' சார்பில் விநாடி வித்தியாசம் சுழியமா என்று பாருங்கள்.

மணற்கேணி

இழையை இடைமறிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்; என் சிக்கலும் மடலின் தேதிதான் என்பதால் இங்கேயே கேட்கிறேன். நான் அக்சஸ் பயன்படுத்துவதில்லை. பைத்தான் நிரல் ஒன்று ஐமேப் (சர்வரில் உள்ள மடல்களைப் படிக்கும் நெறிமுறை) வழியாக மடல்களைப் படித்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போடுகிறது. நாள், மாதம் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் ஓர் உரையாடலில் வரும் மடல்களைத் தேதிப்படி அடுக்கினால், கேள்விக்கு முன்பே பதில் வந்து நிற்கிறது. எங்கள் குழுவினர் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள். ஒரு எடுத்துக்காட்டு: கேள்வியின் தலைப்பகுதியில் 20:10:00 +0530, பதிலின் தலைப்பகுதியில் 10:00:00 -0500. அட்டவணையில் 20:10 என்றும் 10:00 என்றும் பதிவாகியிருக்கின்றன. இரண்டும் ஒரே தேதி.

தென்கரை

யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிப் பாருங்கள். 20:10ல் ஐந்தரை மணியைக் கழித்தால் 14:40. 10:00ல் ஐந்து மணியைக் கூட்டினால் 15:00. பதில் இருபது நிமிடத்தில் போயிருக்கிறது. உங்கள் அட்டவணை அதைப் பத்து மணி நேரம் முன்பே போனதாகக் காட்டுகிறது. +0530 என்ற பகுதி வழியில் எங்கோ தொலைகிறது. புலத்தின் வகை என்ன? நேர மண்டலம் இல்லாத 'டைம்ஸ்டாம்ப்' என்றால், நீங்கள் கொடுக்கும் சரத்தில் +0530 இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எச்சரிக்கைகூட வராது.

மணற்கேணி

அதே வகைதான்! தலைப்பகுதியில் இருக்கும் சரத்தை அப்படியே அனுப்பிவிட்டு, தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தோம்.

தென்கரை

நேர மண்டலம் உள்ள வகைக்கு மாற்றுங்கள். அந்த வகை, கொடுத்த நேரத்தை யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கிறது. கேட்கும்போது உங்கள் அமர்வின் மண்டலத்தில் காட்டுகிறது. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: மூல மண்டலத்தை அது நினைவில் வைப்பதில்லை. அனுப்பியவர் ஊரில் அப்போது இரவா பகலா என்பது உங்களுக்குத் தேவைப்பட்டால் +0530 என்பதை வேறொரு புலத்தில் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

ஏற்கெனவே பதிவானவற்றைப் பொறுத்தவரை, ஒரே ஐந்தரை மணியை எல்லாவற்றிலும் கழித்துச் சரிசெய்ய முடியாது, ஒவ்வொரு மடலும் ஒவ்வொரு மண்டலத்திலிருந்து வந்திருக்கிறது. தலைப்பகுதிகளைத் திரும்பப் படித்தே ஆக வேண்டும். பைத்தானின் 'இமெயில்' தொகுப்பிலேயே இதற்கான சார்பு இருக்கிறது. நீங்களே சரத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். மடல் தேதியின் இலக்கணம் வெளியில் தெரிவதைவிட வளைந்து நெளிந்தது. 2008ல் வந்த ஆர்எஃப்சி 5322 என்ற இணையத் தர ஆவணம் இன்றைய விதி என்றாலும், 1982ன் ஆர்எஃப்சி 822 காலத்து வடிவங்களையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது. இரண்டு இலக்க ஆண்டு வரலாம்: 00 முதல் 49 வரை 2000ஐக் கூட்ட வேண்டும், 50 முதல் 99 வரை 1900ஐ. மண்டலம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வரலாம். கிழமை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

-0000 என்று ஒன்று வரும். +0000 மாதிரிதானே என்று தோன்றும். நேரம் யூடிசியில் இருக்கிறது, அனுப்பியவரின் மண்டலம் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது அதன் பொருள். பைத்தான் சார்பு இதற்கு மண்டலம் ஒட்டாத தேதியைத் திருப்பித் தரும். அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும் நிரல்கள் நிறைய.

கார்முகில்

தென்கரை சொல்வது சரி, ஆனால் தலைப்பகுதித் தேதியை நம்புவதே எனக்குச் சரியாகப் படவில்லை. அது அனுப்புபவரின் கணினிக் கடிகாரம். கடிகாரம் தவறாக இருந்தால் மடலின் தேதியும் தவறு. எரித (ஸ்பேம்) மடல்கள் வேண்டுமென்றே எதிர்காலத் தேதி போட்டு வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐமேப் சர்வர் ஒவ்வொரு மடலுக்கும் தானாக ஓர் உட்தேதி வைத்திருக்கிறது. அதை எடுங்கள்.

மணற்கேணி

அதைத்தான் முதலில் எடுத்தோம் ஐயா. போன ஆண்டுக்கு முந்தைய மடல்கள் அனைத்துக்கும் ஒரே நாள் வந்தது. எல்லாம் ஒரே பிற்பகலில் வந்ததாகக் காட்டியது. அதனால்தான் தலைப்பகுதித் தேதிக்குத் தாவினோம்.

நிரல்வழி

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மடல்களை நகர்த்திய பிற்பகலாக இருக்கும். ஐமேப்பில் ஒரு மடலைப் புதிதாகச் சேர்க்கும் 'அப்பெண்ட்' கட்டளையோடு தேதியையும் தர முடியும். நகர்த்திய கருவி அதைத் தராமல் விட்டால், சேர்த்த கணமே உட்தேதியாகிவிடும். மடல் கெடவில்லை, அதைப் பற்றி சர்வர் வைத்திருந்த குறிப்புதான் போய்விட்டது.

நல்ல வேளையாக மூன்றாவது சாட்சி ஒன்று இருக்கிறது. மடல் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தலைப்பகுதியில் 'ரிசீவ்ட்' என்று ஒரு வரியை மேலே ஒட்டிவிட்டுப் போகிறது. கடைசியாகத் தொட்ட சர்வரின் வரி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். அந்த வரியின் இறுதியில், அரைப்புள்ளிக்குப் பிறகு நேரம் இருக்கும். உங்கள் பெட்டியை வைத்திருந்த சர்வர் எழுதியது என்பதால் அனுப்பியவரின் கடிகாரத்துக்கு அதில் பங்கில்லை. மடலின் உள்ளேயே இருப்பதால் இடமாற்றத்திலும் அழியாது. பழைய மடல்களுக்கு மேல் வரியின் நேரத்தை எடுங்கள்.

இதே காரணத்தால் தேடலும் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐமேப்பில் 'சின்ஸ்', 'பிஃபோர்' என்று தேடினால் உட்தேதியைப் பார்க்கும். 'சென்ட்சின்ஸ்', 'சென்ட்பிஃபோர்' என்றால் தலைப்பகுதித் தேதியைப் பார்க்கும். இரண்டுமே நேரத்தையும் மண்டலத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. நள்ளிரவை ஒட்டிய மடல்கள் ஒரு நாள் தள்ளி விழும். ஒரு நாள் கூடுதலாகவே கேட்டு வாங்கி, துல்லியமான வடிகட்டலை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சல்கட்டு

திரும்ப வந்திருக்கிறேன். தென்கரை சொன்ன வழியில் பழைய பதிவுகளை ஒப்பிட்டு முடித்தோம். பெரும்பாலானவை ஒரே மடலோடு பொருந்தின. பொருந்தாதவற்றில் தொலைபேசிப் புகார்கள் போக, ஒரே கருவியிலிருந்து ஒரே பொருளோடு தானாக வரும் அறிவிப்புகள் கொஞ்சம் இருந்தன. அவற்றைக் கையால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக ஒரு குழப்பம். நாங்கள் அனுப்பிய பதில்களின் தேதியையும் எடுக்கலாம் என்று, அவுட்லுக்கை நிரலால் இயக்கும் பொருள் மாதிரி (ஆப்ஜெக்ட் மாடல்) வழியாக ஒவ்வொரு மடலின் 'சென்ட்ஆன்' பண்பைப் படித்தோம். சிலவற்றில் 01/01/4501 என்று வருகிறது.

தென்கரை

பிழை அல்ல. தேதி எதுவும் இல்லை என்பதை அவுட்லுக் அப்படித்தான் சொல்கிறது. இன்னும் அனுப்பாத வரைவுகளாக இருக்கும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 4501 வந்தால் உங்கள் அட்டவணையில் வெற்றிடமாக, அதாவது 'நல்' மதிப்பாக எழுதுங்கள். அப்படியே விட்டால் சராசரிப் பதில் நேரம் கணக்கிடும் வினவல் ஒன்று போதும், அறிக்கை முழுவதும் நாசமாக.

பொருள் மாதிரியைத் தொட்டுவிட்டதால் ஒரு முன்னெச்சரிக்கை. 'ரிசீவ்ட்டைம்' பண்பு உள்ளூர் நேரத்தைத் தரும். அதே தேதியை 'பிராப்பர்ட்டிஆக்செஸர்' வழியாகக் கேட்டால் யூடிசியில் தரும். நிரலின் ஒரு பாதி ஒன்றையும் மறுபாதி இன்னொன்றையும் பயன்படுத்தினால், வந்த நேரத்துக்கும் பதில் நேரத்துக்கும் இடையே மணிக்கணக்கில் பொய்யான இடைவெளி முளைக்கும்.

அஞ்சல்கட்டு

வரைவுகள்தான். இரண்டு பேர் பாதியில் விட்டவை.

இன்னொரு கேள்வியோடு முடித்துக்கொள்கிறேன். ஏழு நாள் கெடுவுக்கு எந்தத் தேதியை எடுப்பது? இரவு 11:50க்கு அனுப்பிய மடல் சர்வரில் 12:04க்கு விழுகிறது. அனுப்பிய நாள் ஒன்று, வந்த நாள் வேறு. மேலாளர் யூடிசியில் சேமித்துவிடு என்கிறார்.

கார்முகில்

யூடிசியே போதும் என்பது என் கருத்து. ஒரே அளவுகோல், ஒரே வரிசை.

நிரல்வழி

வரிசைப்படுத்த யூடிசி போதும். கெடுவுக்குப் போதாது. ஏழு நாட்கள் என்பது மக்கள் நாட்காட்டியில் எண்ணும் நாட்கள். அந்த நாள் உள்ளூர் நள்ளிரவில் மாறுகிறது, யூடிசியின் நள்ளிரவில் அல்ல. யூடிசியில் சேமியுங்கள், ஆனால் கெடுவைக் கணக்கிடும் முன் அலுவலகத்தின் மண்டலத்துக்கு மாற்றி, அதன் பிறகு நாளை மட்டும் பிரித்தெடுங்கள். முதலில் நாளைப் பிரித்துவிட்டு அப்புறம் மண்டலத்தை மாற்றினால், நள்ளிரவை ஒட்டி வந்த மடல்களுக்கெல்லாம் ஒரு நாள் பிசகும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இருப்பவர்கள் மணிக்கணக்கை நிலையான எண்ணாக எழுதாமல் மண்டலத்தின் பெயரை வைத்தே மாற்ற வேண்டும்.

எந்தத் தேதி என்ற கேள்விக்கு, சர்வர் பெற்ற நேரம் என்பதே என் பதில். எழுதியவர் எப்போது பொத்தானை அழுத்தினார் என்பதை உங்கள் அலுவலகம் அறிய முடியாது. எப்போது கைக்கு வந்தது என்பதை அறியலாம், நிரூபிக்கலாம். ஆனால் இது நிரலாளர் தீர்மானிக்க வேண்டியது அல்ல. மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வரும்போது புகார்தாரர் அனுப்பிய தேதியைத்தான் காட்டுவார், அதனால் அதையும் வேறொரு புலத்தில் வைத்திருங்கள். 'தேதி' என்று ஒரே பெயர் வைக்காமல் 'அனுப்பியவர்_தேதி', 'சர்வர்_பெற்றது_யூடிசி', 'பதிவேற்றியது' என்று பெயரிலேயே அடையாளம் இருக்கட்டும். மூலத் தலைப்பகுதியை அப்படியே ஒரு நீள் உரைப் புலத்தில் போட்டு வையுங்கள். சில கிலோபைட்டுகள்தான். இந்த இழையில் நாம் தேடிய ஒவ்வொரு பதிலும் கடைசியில் மூல மடலிலிருந்துதான் கிடைத்தது.

தென்கரை

அதோடு, சர்வர் பெற்ற நேரம் பதிவேற்றிய நேரத்துக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது என்று அட்டவணைக்கே ஒரு சரிபார்ப்பு விதி எழுதுங்கள். இரண்டையும் ஒரே மண்டலத்தில் வைத்தால்தான் அந்த விதி செல்லும். இடம் மாறிய தேதிகளில் எதிர்காலத்துக்குப் போனவற்றை அது வாசலிலேயே நிறுத்தும். கடந்த காலத்துக்குப் போனவற்றை நிறுத்தாது. அவற்றுக்கு, பதிவேற்றிய நாளுக்கும் மடல் வந்த நாளுக்கும் முப்பது நாளுக்கு மேல் இடைவெளி உள்ளவற்றைக் காட்டும் ஒரு வினவலை வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். தினமும் மடல்களை எடுக்கும் நிரலில் அந்த வினவல் காலியாகத்தான் வர வேண்டும்.

அஞ்சல்கட்டு

விதியைச் சேர்த்தாயிற்று. அந்த வினவலை இப்போதே ஓட்டிப் பார்த்தேன். ஒரு பதிவு வந்தது. விடுப்பில் இருந்த ஊழியரின் தனிப்பெட்டியில் கிடந்த புகாரை அவர் திரும்பி வந்ததும் பொதுப் பெட்டிக்கு நகர்த்தியிருக்கிறார். தேதி சரிதான், கெடு உண்மையிலேயே தாண்டியிருக்கிறது. இன்றே பதில் அனுப்புகிறோம்.